பார்க்கர் 51: ஒளித்துவைத்த நிப்

பார்க்கர் 51-இன் மூடியைத் திருக வேண்டியதில்லை, இழுத்தால் வந்துவிடும். திறந்தால் நிப்பைத் தேட வேண்டியிருக்கும். 14 காரட் தங்க நிப் முழுவதும் உறைக்குள் இருக்க, நுனி மட்டும் துளி எட்டிப் பார்க்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் புழங்கிய சீனத்து ஹீரோ பேனாவுக்கு இந்த முகஜாடை இங்கிருந்துதான் போனது. ஹீரோவில் எழுதிப் பழகியவர்கள் இதைக் கையில் எடுத்தால், பேரனை மட்டுமே தெரிந்த வீட்டில் தாத்தாவைப் பார்த்த மாதிரி இருக்கும்.

நிப்பை ஒளித்ததற்குக் காரணம் மை. 1941-இல் அமெரிக்காவில் இந்தப் பேனாவை இறக்கியபோது, தாளில் பட்டதும் காயும் மை ஒன்றையும் பார்க்கர் கூடவே விற்றது. திறந்த நிப்பாக இருந்தால் அந்த மை நிப்பிலேயே காய்ந்துவிடும், அதனால் உறை. அதன் காரத்தை அந்தக் காலத்துச் செல்லுலாய்டு பேனாக்கள் தாங்காது. அதனால் உடம்பை லூசைட் என்ற அக்ரிலிக்கில் செய்தார்கள். அந்த மை போய்விட்டது. அதற்காகச் செய்த ஏற்பாடுகளின் பலனை நாம் அனுபவிக்கிறோம். நாள்கணக்கில் சட்டைப்பையில் கிடந்தாலும், திறந்ததும் முதல் எழுத்திலேயே மை இறங்குகிறது. உதற வேண்டாம், கிறுக்கிப் பார்க்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது 1948-க்குப் பிறகு வந்த ஏரோமெட்ரிக் வகை. பின்பகுதியைக் கழற்றினால் ஒரு உலோகக் குழல். அதிலுள்ள பட்டையை ஆறு முறை அழுத்தச் சொல்லி அதன்மேலேயே பொறித்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பை ரப்பர் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். பழுப்பேறியிருக்கிறது, ஆனால் இன்னும் துவள்கிறது. அதற்கு முந்தைய வேக்குமாட்டிக் வகையில் ரப்பர் சவ்வு இற்றுப்போயிருக்கும், மாற்றியாக வேண்டும். பார்க்க அதுதான் அழகு. தினமும் எழுத ஏரோமெட்ரிக்தான்.

குறைகளும் உண்டு. நிப் விறைப்பானது, அழுத்தினாலும் கோடு தடிக்காது. எழுத்தில் நெளிவு சுளிவு காட்ட விரும்புகிறவர்கள் வேறு பேனா பார்க்கலாம். நிப்பின் அளவு வெளியே தெரியாது, எழுதிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம்: முனை தடித்தால் ‘ஞ’, ‘ண’ இவற்றின் சுழி அடைந்துபோகும். மெல்லிய முனையாகக் கேட்டு வாங்குங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே பெயரில் ஒன்றைப் பார்க்கர் மறுபடி இறக்கியது. அதில் திருகு மூடி! பெயரைத் தவிர வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

உறைக்குள் நிப்பைச் சுற்றி மெல்லிய இடுக்குகள் வரிசையாக இருக்கின்றன. மிஞ்சிய மையைப் பிடித்துவைத்து ஒழுகாமல் காப்பது அவைதான். கழுவும்போது கடைசிவரை விடாமல் நிறம் கக்குவதும் அவைதான். ஜிகினா மை, ஓவிய மை எதையும் இதில் ஊற்றாதீர்கள். அடைத்துக்கொண்டால் உறையைச் சூடுகாட்டிக் கழற்ற வேண்டும். அது கைதேர்ந்தவர்கள் வேலை.