கசப்பு காக்கும் இனிப்பு

பேக்கன் ஜாமில் கருங்காபி ஊற்றுவார்கள் என்றால் நம் வாசகர்கள் பலர் புருவம் உயர்த்துவார்கள். அமெரிக்கத் தென்மாநிலத்து அடுப்படிகளுக்கு அது புதிதே அல்ல. உப்பில் ஊறிய ஹாமை வாட்டியெடுத்த வாணலியிலேயே காபியை ஊற்றி, அடியில் ஒட்டியதைக் கரைத்து, ‘ரெட் ஐ கிரேவி’ என்று காலை உணவோடு பரிமாறுவது அங்கே பழைய வழக்கம். சியாட்டிலில் ‘ஸ்கில்லெட்’ என்ற நடமாடும் உணவகம் பர்கரில் தடவிக் கொடுத்து, பிறகு புட்டியில் அடைத்தும் விற்றுப் புகழ் சேர்த்த பேக்கன் ஜாமை இன்று அந்நாட்டில் பலரும் வீட்டிலேயே கிண்டுகிறார்கள். உப்பும் இனிப்பும் கூடியது அது என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் நயம் கசப்பில் இருக்கிறது என்பது என் கட்சி.

பொருள்கள் சிலவே. 700 கிராம் பேக்கன், இரண்டு பெரிய வெங்காயம், மூன்று பல் பூண்டு, அரை கப் பழுப்புச் சர்க்கரை, அரை கப் ஆப்பிள் சிடர் வினிகர், கால் கப் மேப்பிள் பாகு, முக்கால் கப் கருங்காபி. உப்பு தனியாக வேண்டாம். பன்றியின் வயிற்றுக் கறியை உப்பிலிட்டுப் புகையூட்டியதுதான் பேக்கன்; அதில் இருக்கும் உப்பே தாராளம்.

முதல் நுட்பம், அடுப்பை மூட்டும் முன்பே தொடங்குகிறது. நறுக்கிய பேக்கனை ஆறிய வாணலியில் பரப்பி, பிறகுதான் தீயை வைக்க வேண்டும், அதுவும் சிறு தீ. சூடேறிய வாணலியில் போட்டால் கறி சட்டென்று இறுகி விளிம்பு கருகும்; கொழுப்பு உள்ளேயே தங்கிவிடும். மெல்ல ஏறும் சூட்டில் கொழுப்பு கசிந்து உருகி, துண்டுகள் தம் நெய்யிலேயே பொரியத் தொடங்கும். ஈரம் இருக்கும் வரை பெரிய சடசடப்பு. ஈரம் வற்ற வற்ற அது அடங்கிச் சிறு நுரையாகும். ஓரம் சிவந்து நடுப்பகுதி இன்னும் வளையும் நிலையில் எடுத்துவிட வேண்டும். மொறுமொறுப்பாகும்வரை விட்டால் பின்னால் எவ்வளவு கொதித்தாலும் சக்கையாகத்தான் நிற்கும்.

ஒரு கரண்டி நெய்யை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை வடித்துவிட்டு, அதில் வெங்காயம். இங்கே அவசரம் கூடாது. முதலில் கண்ணாடி போலாகி, பிறகு வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு என்று இறங்கும்போது பச்சை வெங்காயத்தின் கார நெடி போய் அதன் சர்க்கரை மேலே வருகிறது. வாணலியின் அடியில் இதற்குள் கரும்பழுப்பாக ஒரு படலம் ஏறியிருக்கும். கறியின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடி உண்டான மணமெல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கிறது. பூண்டைப் போட்டு வாசம் எழுந்ததும், படலம் கருகுவதற்கு ஒரு நொடி முன்பு, வினிகரையும் காபியையும் ஊற்றுங்கள். குபீரென்று ஆவி எழுந்து மூக்கைச் சுள்ளென்று தைக்கும். மரக்கரண்டியால் சுரண்டினால் படலம் முழுதும் கரைந்து சாற்றில் இறங்கிவிடும். இந்தச் சமையலில் எனக்கு மிகப் பிடித்த கணம் இதுவே.

சர்க்கரை, மேப்பிள் பாகு, எடுத்துவைத்த பேக்கன் எல்லாம் இப்போது உள்ளே போகும். ஒரு லிட்டர் மேப்பிள் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் மரச்சாறு காய்ச்சப்படுகிறது. அந்தக் காய்ச்சலில் ஏறிய மரவாசம் பேக்கனின் புகையோடு கைகோக்கும். இத்தனை இனிப்பும் கொழுப்பும் சேர்ந்தால் இரண்டாம் வாயிலேயே திகட்ட வேண்டும். திகட்டவிடாமல் பிடித்து நிறுத்துவது காபி. வினிகரின் புளிப்பு கொழுப்பை அறுக்கும். காபியின் கசப்பு இனிப்பை அதன் எல்லையில் நிறுத்தும். கசப்பை மட்டுப்படுத்தும் குணம் உப்புக்கு உண்டு என்பதால் காபி தனித்துத் தெரியாது. தின்பவருக்கு ஆழம் தெரியும். அது எதனால் வந்தது என்று தெரியாது. புட்டியில் வரும் திரவப் புகையைச் சிலர் இதில் ஊற்றுகிறார்கள். ஹிக்கரி விறகிலோ ஆப்பிள் விறகிலோ ஏற்கெனவே புகைந்த கறிக்கு அது வீண். நல்ல புகையைக் கெட்ட புகையால் மறைப்பது.

சிறு தீயில் சுண்டச் சுண்ட, தொக்கில் எண்ணெய் பிரிவதுபோல ஓரத்தில் நெய் மினுங்கும். கரண்டி இழுத்த தடம் உடனே மூடாமல் ஒரு கணம் நின்றால் பதம் வந்தது. ஆறியபின் மிக்சியில் விட்டுவிட்டு இரண்டு சுற்று போதும். விழுதாக அரைத்துவிட்டால் பல்லுக்கு வேலையில்லை. பாகுக்கு நடுவே கறித்துணுக்கு தட்டுப்பட வேண்டும்.

டோஸ்ட்டில், முட்டையோடு, கூர்மையான செடார் சீஸோடு சாப்பிடுங்கள். குளிர்ந்தால் நெய் வெள்ளையாக உறைந்து சுவையை மூடிவிடும். பரிமாறும் முன் லேசாகச் சூடாக்குங்கள். பழ ஜாம் போல இதைப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கக் கூடாது. கறியும் கொழுப்பும் உள்ள பண்டம், காற்றில்லாத புட்டிக்குள் போட்டுலிசம் நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம். குளிர்ப்பெட்டியிலேயே வையுங்கள்; நாள்பட வேண்டுமென்றால் உறைநிலைப் பெட்டியில் வையுங்கள்.