கோபத்துக்கு வைத்த பேர்கள்

அநியாயத்துக்கு எதிரான கோபத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. எந்தச் சொல் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

'இண்டிக்னேஷன்' என்பதன் வேர், தகுதியுடைய என்று பொருள்படும் இலத்தீன் 'டிக்னுஸ்'. 'டிக்னிட்டி'க்கும் அதே வேர்தான். ஆக, மதிப்புள்ளவர் என்று ஊர் ஒத்துக்கொண்டவருக்குக் கோபம் வந்தால் அது இண்டிக்னேஷன். முன்னால் 'ரைட்சியஸ்' என்று வேறு சேர்த்துக்கொள்வார்கள், அறச்சீற்றமாம். அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பர் அப்படி நிமிர்ந்து கேட்டால் வெள்ளையர் வைத்த பேர் 'அப்பிட்டி'. நம்ம ஊர்ல இதுக்கு அகராதி தேட வேண்டாம்: 'திமிரு', 'கொழுப்பு'.

'ரிசென்ட்மென்ட்' பட்ட பாடு இன்னும் மோசம். 1726இல் பிஷப் பட்லரும் 1759இல் ஆடம் ஸ்மித்தும் எழுதியபோது, அளவு மீறக் கூடாது என்றாலும், அது அநீதி கண்டு எழும் இயல்பான உணர்ச்சி. ஸ்மித்துக்கு அது நீதியின் காவல். 1887இல் நீட்ஷே அதன் பிரெஞ்சு வடிவத்தை எடுத்து, அடிமை அறத்தைப் பெற்றெடுத்த வன்மம் என்றார். கனவான் மனசுல இருந்தவரைக்கும் நீதி. அடிமை மனசுக்கு வந்ததும் விஷம். தலித் எழுத்தைக் 'காழ்ப்பு' என்று தள்ளுகிற விமர்சகர்கள் நீட்ஷேவைப் படிக்காமலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

'கிரீவன்ஸ்' என்ற சொல்லின் வேரில் இருப்பது பாரம். அரசாங்கத் தமிழில் அது 'குறை' ஆகிவிட்டது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடப்பது 'குறைதீர்க்கும் நாள்'. பாரத்தை ஏத்தினவன் காணாமப் போயிட்டான். மனுவோட வரிசையில நிக்கிறவங்ககிட்டதான் என்னமோ குறைன்னு ஆயிடுச்சு.

1981இல் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், கனெக்டிகட்டில் நடந்த பெண்ணியல் ஆய்வாளர் மாநாட்டில் இனவாதம் பற்றிப் பேசினார். கடுமையில்லாமல் சொல்லுங்கள் என்று கேட்கும் வெள்ளைப் பெண்களுக்கு அவர் கொடுத்த பதிலின் மையச் சொல் 'ஆங்கர்'. மெருகு எதுவுமில்லாத சொல். வெறுப்பு வேறு, கோபம் வேறு என்று பிரித்துக் காட்டினார். கோபம் மாற்றத்தைக் கேட்கிறது என்றார்.

கறுப்பிலக்கியத்தைத் தமிழாக்கும் தோழர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 'ரிசென்ட்மென்ட்' வந்த இடத்திலெல்லாம் வன்மம், மனக்கசப்பு என்று போடுவதற்கு முன்னால், யார் கோபம், யார் மேல, எதனாலன்னு பாருங்க. நியாயமான கோபம்னா கோபம்னே எழுதுங்க.