எடைதான் அழகு

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1897-இல் தொடங்கிய வாட்கின் நிறுவனத்தின் பழைய மரவேலை இயந்திரங்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தொழிற்சாலைகளும் பள்ளிப் பட்டறைகளும் கழித்துவிட்ட வட்ட ரம்பம், பேண்ட்சா, பிளேனர் எல்லாம் அங்கே வீட்டுக் கொட்டகைகளுக்கு வந்து சேர்கின்றன.

அவற்றின் அழகே எடைதான். கனத்த வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கிவிடும். பலகை நடுங்காமல் நகரும், வெட்டு சுத்தமாக விழும். மெல்லிய தகட்டில் செய்த மலிவு இயந்திரங்கள் இவற்றின் பக்கத்தில் நிற்காது.

வாங்கப் போகிறவர்கள் துருவைக் கண்டு மிரள வேண்டாம். மேசைமேல் படிந்த துரு தேய்த்தால் போய்விடும். விரிசல் அப்படியல்ல, கண்டால் இயந்திரத்தை விட்டுவிட்டு வந்துவிடலாம். தண்டைக் கையால் சுற்றிக் காது கொடுங்கள். பேரிங் கரகரத்தால் கவலையில்லை, பெரும்பாலும் புதிது கிடைக்கும். பலகையை அணைத்துப் பிடிக்கும் ஃபென்ஸ் தொலைந்திருந்தால்தான் அலைச்சல்.

மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட், மூன்று ஃபேஸ். வீட்டில் வழக்கமாக இருப்பதோ ஒற்றை ஃபேஸ். மோட்டாரை ஸ்டார் இணைப்பிலிருந்து டெல்டாவுக்கு மாற்ற முடிந்தால் ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கித் தரும் ஒரு வி.எஃப்.டி. போதும், எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். ரம்பத்துக்கு மேல்மூடி இல்லையென்றால், அதைப் பொருத்தும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.