பிசுபிசுப்புக்குத்தான் காசு

டப்பாவின் முகப்பில் ‘செராமைடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வாசனை கிடையாது, முகத்துக்கும் கைக்கும் ஆகும் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே வந்துவிட்டது. விளம்பரத்தில் வராதது ஒன்று உண்டு: இந்த க்ரீமைத் தடவிய கையால் போன் திறக்காது. விரல் வைத்தால் ‘மீண்டும் முயலவும்’. எவர்சில்வர் டம்ளர் வழுக்கும். சுவிட்சைத் தொட்டால் எண்ணெய்த் தடம், “வடை தின்ன கையோட யாரு லைட்டப் போட்டது?” என்று வீட்டில் விசாரணை வேறு.

சில வாரங்களாக அடுக்களைத் தொட்டிக்குப் பக்கத்தில் இதுதான் இருக்கிறது. பாத்திரச் சோப்பு என் விரல் கணுக்களை அப்படி வெடிக்க வைத்திருந்தது. எலுமிச்சை பிழிந்தால் எங்கெங்கே வெடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தெரியும். தோலின் மேலடுக்கில் செத்த செல்களுக்கு நடுவே ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. ஏறக்குறைய பாதி செராமைடு, மிச்சத்தில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். சோப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகிறது. பிறகு ஈரம் நிற்காது, காரம் புளிப்பு எது பட்டாலும் எரியும்.

போன செராமைடைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது கம்பெனியின் பேச்சு. பின்பக்கத்துப் பொடி எழுத்து வேறு கதை சொல்கிறது. சேர்மானங்களை அதிகமானதில் தொடங்கித்தான் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். இதில் தண்ணீர், கிளிசரின், பெட்ரோலேட்டம் என்று ஆரம்பித்து, செராமைடு கடைசி வரியில், கெடாமல் இருக்கப் போடும் பினாக்ஸிஎத்தனாலுக்கும் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கிறது. துளி செராமைடும் உதவும் என்றே வைத்துக்கொள்வோம். கொட்டை எழுத்து நியாயமாகப் பெட்ரோலேட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். 1872-ல் ராபர்ட் செஸ்பரோ வாசலின் என்று காப்புரிமை வாங்கினாரே, அதே சரக்கு. கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது, பெட்ரோலேட்டம் அதை ஆவியாக விடாமல் மூடுகிறது. அதோடு, அது மேலடுக்குக்குள்ளேயே இறங்குகிறது, தோல் தன்னைச் சரிசெய்துகொள்வதையும் தடுப்பதில்லை என்று 1992-ல் தோல் ஆய்வாளர் பீட்டர் எலையாஸ் குழுவினர் காட்டினார்கள்.

ஆக, போனைத் திறக்க விடாத அந்தப் பிசுக்குதான் இங்கே வேலை பார்க்கிறது. நடுவில் இதே கம்பெனியின் ஜெல்லையும் பூசிப் பார்த்தேன். பெட்ரோலேட்டம் இல்லாதது. தடவிய சுவடே தெரியவில்லை, போன் ஒரே தொடலில் திறந்தது. ராத்திரிப் பாத்திரம் முடிவதற்குள் கணுக்கள் மறுபடி வெளுத்துவிட்டன.

வாயகன்ற டப்பா எனக்கு ஆகவே ஆகாது. ஈரக்கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த விலைக்கு ஒரு பம்ப் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கைக்கு வாங்கலாம், படுக்கப் போகும்முன், கை ஈரம் காய்வதற்குள் பூசுங்கள். வெயில் காலத்தில் முகத்துக்கு வேண்டாம். விலை இடித்தால், வாசனை சேர்க்காத கிளிசரின் லோஷனைத் தடவி மேலே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி பூசினாலும் முக்கால்வாசி வேலை நடந்துவிடும். வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால் டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.