சிஆர்சி நாளின் மதியவேளை

குயவர், வண்ணார், வேடர், மீனவர் எனச் சிதறிக் கிடந்தவர்களை ‘அடியார்’ என்ற ஒரே பெயரில் கோத்தவர் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார். இன்று அந்த ஊரின் பெயர் தாங்கிய ஒன்றியத்திலும் பிற ஒன்றியங்களிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கோக்கக் கல்வித்துறை வைத்திருக்கும் நூல், குறுவளமையக் கூட்டம். ஆசிரியர் வாயில் ‘சிஆர்சி’.

அதன் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இருவர் ஐந்து வகுப்புகளைச் சுமக்கும் பள்ளியில், கழித்தலில் கடன் வாங்குவது பிள்ளைகளுக்கு ஏன் பிடிபடவில்லை என்று பேசித் தீர்க்க ஆளில்லை. இருக்கும் இன்னொருவரும் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவில் தலையைக் கொடுத்திருப்பார். அடுத்த பள்ளியிலும் அதே சிக்கல்தான் என்று அறியவே ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது.

ஆனால் கூட்டத்தின் பேச்சு மேலிருந்து வருகிறது. பயிற்சிக் கட்டகம் ஏற்கெனவே எழுதப்பட்டது. பயிற்சி நடத்தும் கருத்தாளரும் அதை வேறெங்கோ கேட்டுவிட்டு வந்த ஆசிரியர்தான். படிக்குப் படி இறங்கும்போது பாகு நீர்த்துப்போகிறது.

2003இல் சென்னை மாநகராட்சியில் நடந்தது வேறு. ஆணையர் எம்.பி.விஜயகுமார் காலத்தில் ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார்கள்; திரும்பிவந்து தாங்களே கற்றல் அட்டைகள் செய்தார்கள்; நாற்காலியை விட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார்கள். வாத்தியார் என்றால் யார் என்பதே அந்தப் பாயில் மாறியது. சில ஆண்டுகளில் இந்த முறை, செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலமெங்கும் உத்தரவாகப் போனபோது, அட்டை போய்ச் சேர்ந்த அளவுக்கு அதைச் செய்த கைகளின் பெருமிதம் போய்ச் சேரவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு விரிசலைக் கட்டகம் தொடுவதே இல்லை. ஒரே பெஞ்சில் இரு இடைநிலை ஆசிரியர்கள்: 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்தவருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், பின் சேர்ந்தவருக்கு 5,200 என்று அன்று வைக்கப்பட்டது. 2012இல் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வந்த பகுதிநேர ஓவிய, உடற்கல்வி ஆசிரியர்களுக்கு அந்தப் பெஞ்சில் இடமுண்டா என்பதே கேள்வி. சங்கங்களும் பிரிவுக்கொன்றாகக் கிடக்கின்றன. அவை ஒன்றானதெல்லாம் அடி விழுந்தபோதுதான். 2003 வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர் நீக்கப்பட்டது இன்றும் ஓய்வறைக் கதை.

2025 செப்டம்பர் 1இல், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் ஆசிரியர் தகுதித்தேர்வில் தேறியாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இருபது வருடம் பாடம் நடத்தியவரும் வழிகாட்டி நூல் தேட வேண்டிய நிலை. சிஆர்சியில் சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கும் வேளையில் பேச வேண்டியது இதுதான். இரண்டு மணிக்கு மறுபடி கட்டகம்.