1967: தொகுதி உடன்பாட்டில் இல்லாத மறுநாள்

எதிரியோடு கூட்டுச் சேர்வதைக் கொள்கைத் துரோகம் என்பவர்கள் உண்டு, ராஜதந்திரம் என்பவர்களும் உண்டு. 1967 தமிழகச் சட்டமன்றத் தேர்தல் கூட்டணி இரு தரப்பையுமே சங்கடப்படுத்தும்.

ராஜாஜியும் அண்ணாவும் சேர்ந்தார்கள் என்று இன்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. அதை எதிர்த்துச் சிறை சென்றவர் அண்ணா. ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சாடி 1953-இல் தெருவில் இறங்கியது அண்ணாவின் தி.மு.க. போதாததற்கு அணியில் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள். கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று 1952-இல் அறிவித்தவரோ ராஜாஜி!

ஆனாலும் கணக்கு பலித்தது. காங்கிரஸ் 1962-இல் சுமார் 46 விழுக்காடு வாக்கும் 139 இடங்களும் பெற்றது. 1967-இல் 41 விழுக்காடு, 51 இடங்கள். அரிசித் தட்டுப்பாடும் 1965 மொழிப் போராட்டமும் மூட்டிய கோபம் சிதறாமல் இடங்களாக மாறியது தொகுதி உடன்பாட்டால்தான். தி.மு.க. வாங்கிய வாக்கு காங்கிரசைவிடச் சற்றுக் குறைவு என்பதை வெற்றிப் பெருமிதத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டில் ஒரு நேர்மையும் இருந்தது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பேசிய தடையற்ற சந்தையும் தி.மு.க.வின் சமதர்மமும் ஒன்றே என்று யாரும் பூசி மெழுகவில்லை.

குறை, வெற்றிக்கு மறுநாள் தெரிந்தது. தி.மு.க.வுக்கே 137 இடங்கள். சுதந்திராவின் 20 உறுப்பினர்கள் ஆட்சிக்குத் தேவைப்படவில்லை. ஆட்சியில் எதைச் செய்வது, எதைத் தொடக்கூடாது என்பதற்குப் பேச்சளவில்கூட உறுதியான வரம்பில்லை. 1971-இல் ராஜாஜி தம் நெடுநாள் எதிரியான காங்கிரஸ் தலைவர் காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்துத் தோற்றார். அதே ஆண்டு மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1937-இல் சேலத்தில் அதைத் தொடங்கிவைத்த முதியவர் ராஜாஜி, அண்ணாவுக்குப் பின் வந்த முதல்வர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டியும் பயனில்லை.

பெரியாரோ 1967-இல் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தவர். வென்றதும் அண்ணா திருச்சிக்குப் போய் அவரைச் சந்தித்தார். அந்த ஆண்டே, பெரியார் விரும்பிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டாளிக்குக் கிடைக்காதது, எதிரணியில் நின்றவருக்குக் கிடைத்தது. அண்ணாவுக்கும் பெரியாருக்கும் பொதுவான இலக்கு முன்பே இருந்ததுதான் காரணம்.

தொகுதிப் பங்கீட்டுக்காக விடிய விடியப் பேசும் கட்சிகள், ஆட்சியில் தொடக்கூடாதவை எவை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடட்டும். வாக்குப் போடுமுன் நாமும் அதைப் படித்துக்கொள்வோம்.