இடுக்கணும் இசைப்பாட்டும்: இரட்சணிய யாத்திரிகத் தேவாரங்கள் குறித்து ஒரு நோக்கு

துன்பம் நெருக்குங்கால் மனிதன் எங்கே திரும்புகிறான் என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கியம் இருவேறு விடைகளைத் தந்துள்ளது. திருக்குறளின் 63ஆம் அதிகாரமாகிய 'இடுக்கண் அழியாமை' கலங்காத உள்ளத்திண்மையை வற்புறுத்துகிறது. அங்கே இறைவனிடம் முறையிடுதல் இல்லை. பக்தி இலக்கியமோ முறையீட்டிலேயே உயிர்க்கிறது. சூலை நோயின் கொடுமை தாங்காது திருவதிகையில் திருநாவுக்கரசர் பாடிய முதற்பதிகம் இதற்குத் தலையாய சான்று. அவர் சமணத்தினின்று சைவத்திற்கு மீண்ட வரலாற்றைப் பெரியபுராணம் அந்நோயோடு பிணைத்தே கூறுகிறது. சமயம் மாறிய மற்றொருவர், ஏறத்தாழப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்து, தம் கிறித்தவக் காப்பியத்தின் இடையிடையே அமைத்த இசைப்பாடல்களுக்குத் 'தேவாரம்' என்றே பெயரிட்டார். அப்பெயர் வெறும் அணிகலனாக இடப்பட்டதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து வளர்ந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' என்னும் ஆங்கில உரைநடை உருவகக் கதையே அதன் மூலம். 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் ஆசிரியர்க்குப் பெருமை சேர்த்ததெனினும், நூலின் ஆய்வுக்கு அத்துணை நன்மை செய்யவில்லை. கம்பரின் சந்தம் எங்கே, உவமை எங்கே என்று எண்ணுவதோடு பலரும் அமைந்துவிட்டனர். வைணவத்தில் வளர்ந்தவர் சைவத் திருமுறையின் பெயரை நாடியது ஏன் என்னும் வினா உரிய கவனம் பெறவில்லை.

பனியன் துன்பத்தை நூலறிவால் மட்டும் அறிந்தவரல்லர். அரசு ஏற்காத முறையில் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தவர். அவர் கதையில் ஆறுதல் பிறக்கும் இடங்கள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. ஐயக் கோட்டையில் நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் பயணியையும் அவன் தோழனையும் அடைத்துவைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு தூண்டுகிறான். சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் வேண்டுதலைத் தொடங்குகின்றனர்; விடியலுக்குச் சற்று முன்னர், 'வாக்குறுதி' என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்தது பயணிக்கு நினைவு வருகிறது. மற்றோரிடம் மரண நிழலின் பள்ளத்தாக்கு. அங்கே இருள் விலகவில்லை. எனினும் முன்னே செல்லும் ஒருவன் 23ஆம் சங்கீதத்தின் சொற்களைச் சொல்லிச் செல்வது பயணியின் காதில் விழுகிறது. தன்னைப்போல் இறையச்சம் உடைய பிறரும் இவ்விருளில் நடக்கின்றனர் என்று அவன் தேறுகிறான். முன்னதில் விடுதலை, பின்னதில் துணை மட்டுமே. என் மதிப்பீட்டில் பின்னதே ஆழமானது.

கிருஷ்ணபிள்ளையின் தேவாரங்கள் இப்பின்னதன் வழிப்பட்டவை. பனியனின் உரைநடையிடையேயும் சிறு செய்யுள்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் நிகழ்ந்ததற்கு விளக்கமாகவோ படிப்பினையாகவோ நிற்பவை. தமிழிலோ விருத்தத்தில் ஓடும் கதை நின்று, இறைவனை முன்னிலைப்படுத்தி விளிக்கும் குரல் எழுகிறது. கதை கேட்பவர், அக்கணத்தில் தாமும் பாடத்தக்கவர் ஆகிறார். பதிகம் என்பது ஒருவர் பாடிப் பலர் ஏற்றுப் பாடும் வடிவமன்றோ! இருளில் முன்செல்வோன் குரலாகிய அந்த ஆறுதலைத் தமிழர்க்கு உரிய முறையில் தர இதனினும் பொருத்தமான வடிவம் இல்லை. புதிய சமயத்தை ஏற்றவர் தம் ஆற்றாமையைச் சொல்லப் பழைய சமயத்தின் மொழியையே நாடினார் என்பதில் முரண் ஒன்றும் இல்லை. வருத்தத்தில் வாய்க்கு வருவது இளமையில் செவியேறிய மொழிதான்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் விட இயலாது. அப்பர் பதிகத்தில் வலி குடரில் இருக்கிறது. உடல் துடிப்பது சொல்லில் தெரிகிறது. கிருஷ்ணபிள்ளையின் தேவாரங்களில் துன்பம் பெரும்பாலும் பாவச்சுமை என்னும் அகநிலையாகவே நிற்கிறது. நோயும் இழப்பும் அப்பொதுச் சொல்லுக்குள் கரைந்துவிடுகின்றன. கிறித்தவ மரபு இதனைக் கட்டாயப்படுத்தவில்லை. 150 சங்கீதங்களுள் புலம்பல் வகையின கணிசமானவை. 88ஆம் சங்கீதம் ஆறுதல் மொழி எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. சிலுவையில் இயேசு கூறியதாக மத்தேயு, மாற்கு நற்செய்திகள் தரும் முறையீடும் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமே. தமிழிலும் வீரமாமுனிவரின் (1680-1747) அன்னை அழுங்கல் அந்தாதி, மகனை இழந்த தாயின் அழுகையை அழுகையாகவே நிற்கவிட்டது. கைவிடப்பட்டேன் என்று கடவுளிடமே வழக்காடும் அத்துணிவு இரட்சணிய யாத்திரிகத்தில் அரிது. சரணடைதல் விரைவில் வந்து சேர்ந்துவிடுகிறது. நெடுநாள் நோயில் கிடப்பவர்க்கு அவ்விரைவு சற்று அயலாகத் தோன்றக்கூடும்.

காப்பியம் அறிவுரையாக நீளும் பகுதிகளை இன்று முயன்றே படிக்கவேண்டியுள்ளது. பாடல்களின் நிலை வேறு. கதையறியாதவரும் அவற்றைத் தனியே எடுத்து ஓதலாம். ஆசிரியரும் இதனை உணர்ந்திருந்தார் போலும். மறைவுக்கு ஓராண்டு முன்னர், 1899இல், அவர் வெளியிட்ட இரட்சணிய மனோகரத்தில் பயணியும் இல்லை, கோட்டையும் இல்லை. வேண்டுதற்பாக்கள் மட்டுமே உள்ளன.